பதினொன்றா, பன்னிரண்டா? ஜெர்டனின் இரண்டு எறும்புகள்

கடலூர்க்காரன் வரலாறு பேசறான்னா செயின்ட் டேவிட் கோட்டை வரும், பிரெஞ்சுக்காரன் வருவான், ஹைதர் அலி வருவார்னு எதிர்பார்ப்பீங்க. இந்த எபிசோடில் யாரும் வரமாட்டாங்க. எறும்பு வரும். இன்னும் சரியாகச் சொன்னால், எறும்பின் உணர்கொம்பில் எத்தனை கணு இருக்கு என்று மனிதர்கள் உட்கார்ந்து எண்ண ஆரம்பித்த கதை.

இதை ஏன் எண்ணணும்? 2022-ல் திண்டுக்கல் மாவட்டம் நத்தம் பக்கத்தில் கரந்தமலை அடிவார ஊர்கள் செய்தியில் வந்தது ஞாபகம் இருக்கலாம். காட்டிலிருந்து எறும்புகள் கூட்டம் கூட்டமாக இறங்கி, ஆடு மாடுகளின் கண்ணை மொய்த்தன. அமிலம் பட்டுக் கண் கெட்டுப்போனது. மேய்ச்சலுக்குப் போனவர்கள் காலைக் கீழே வைக்க முடியவில்லை. அது 'மஞ்சள் பைத்திய எறும்பு' என்று ஆய்வாளர்கள் சொன்னார்கள். திசை தெரியாமல் தாறுமாறாக ஓடுவதால் அந்தப் பெயர். இந்தியப் பெருங்கடலில் இருக்கிற கிறிஸ்துமஸ் தீவில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட சிவப்பு நண்டுகளைக் கொன்ற அதே எறும்பு. உலகின் மிக மோசமான 100 ஊடுருவல் உயிரினங்கள் பட்டியலில் அதற்கும் இடம் உண்டு.

எல்லாரும் அதை 'வெளியூர் எறும்பு' என்று பேசினார்கள். ஆனால் அதை அறிவியலில் முதன்முதலாக விவரித்து எழுதினது தென்னிந்தியாவில் பார்த்த ஒருவர். வெளியானது மெட்ராஸில், 1851-ல். அவர் வைத்த பெயர் மட்டும் நிலைக்கவில்லை. அது ஏன் நிலைக்கவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி.

அவர் பெயர் தாமஸ் ஜெர்டன். கிழக்கிந்தியக் கம்பெனியில் மருத்துவர். நெல்லூர், தலச்சேரி, நீலகிரி என்று மெட்ராஸ் மாகாணத்தில் பல இடங்களில் இருந்தார். பறவை பார்க்கிற நண்பர்களுக்கு இவரை நல்லாவே தெரியும். 1848-ல் இவர் மூலமாகத் தெரியவந்த ஒரு பறவை, அழிஞ்சே போச்சுன்னு எல்லாரும் முடிவு பண்ணின பிறகு, 1986-ல் கடப்பா பக்கம் திரும்பக் கிடைத்தது. அதன் பெயரே ஜெர்டன்ஸ் கோர்சர். அந்த மனிதர் பறவைக்கு நடுவில் எறும்பையும் பார்த்துக்கொண்டிருந்தார். மெட்ராஸ் லிட்டரரி சொசைட்டியின் இதழில், தென்னிந்திய எறும்புகளின் பட்டியல் ஒன்றை 1851-ல் வெளியிட்டார். அந்தச் சொசைட்டியின் நூலகம் இன்னும் நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் இருக்கு. சென்னையில் இருக்கறவங்க ஒரு சனிக்கிழமை போய்ப் பாருங்க.

அந்தப் பட்டியலில் இரண்டு எறும்புகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒன்றுக்கு அவர் வைத்த பெயர் ஃபார்மிகா லாங்கிபெஸ். லாங்கிபெஸ் என்றால் நீளக்கால். இதுதான் கரந்தமலை எறும்பு. இன்னொன்று ஃபார்மிகா வேகன்ஸ், அதாவது அலைந்து திரிவது. இதை நீங்க எல்லாரும் வீட்டில் பார்த்திருப்பீங்க. கறுப்பா, சின்னதா, கடிக்காது. சமையல் மேடையில் குடிகாரன் மாதிரி வளைஞ்சு வளைஞ்சு ஓடும். எங்க வீட்டில் இதைப் பிள்ளையார் எறும்புன்னு சொல்வோம். கறுப்பாக இருந்து கடிக்காத எதுவாக இருந்தாலும் அது பிள்ளையார் எறும்புதான் என்பது வேறு விஷயம்.

கவனிச்சீங்களா? இரண்டையும் ஃபார்மிகா என்ற ஒரே பேரினத்தில் போட்டார். இரண்டுக்கும் நீளக் கால், நீள உணர்கொம்பு. இரண்டுமே கிறுக்குத்தனமா ஓடும். இரண்டும் கொட்டுகிற வகை இல்லை. கண்ணுக்கு அவை சொந்தக்காரங்கதான். அந்தக் காலத்தில் அது நியாயமான முடிவும்கூட. லின்னேயஸ் 1758-ல் தனக்குத் தெரிந்த எல்லா எறும்பையும் ஃபார்மிகா என்ற ஒரே டப்பாவில்தான் போட்டார். நம்ம சிதம்பரத்துக்குத் தெற்கே இருக்கிற தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்களின் மருத்துவராக 1768-ல் வந்து இறங்கிய கோனிக், லின்னேயஸின் மாணவர். ஐரோப்பாவில் பூச்சிகளுக்குப் பெயர் வைத்துக்கொண்டிருந்த ஃபாப்ரிசியஸும் லின்னேயஸின் மாணவர். நம்ம கட்டெறும்புக்கு ஃபாப்ரிசியஸ் 1787-ல் பெயர் வைத்தபோது அதுவும் ஃபார்மிகாதான். இன்றைக்கு எறும்புகளில் 300-க்கும் மேல் பேரினங்கள், 14,000-க்கும் மேல் சிற்றினங்கள். இன்றைய அர்த்தத்தில் ஃபார்மிகா என்றால் அது இமயமலைப் பக்கம் இருக்கும். தமிழ்நாட்டில் ஒன்றுகூடக் கிடையாது.

நம்ம பெயர்களும் அப்படித்தான், தோற்றத்தையும் குணத்தையும் வைத்து வந்தவை. கட்டெறும்பு, சிற்றெறும்பு, செவ்வெறும்பு, முசுறு. இதில் முசுறு மட்டும் ரொம்பத் துல்லியம். இலையைத் தைத்துக் கூடு கட்டுகிற ஒரே எறும்பை மட்டுமே அது குறிக்கும். முயிறு என்ற பழைய வடிவம் சங்கப் பாடலிலேயே இருக்கு. இந்தப் பெயரைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கங்க, பின்னாடி வேணும்.

ஜெர்டன் தோற்றத்தை நம்பினதில் இன்னும் பெரிய கூத்து ஒன்று நடந்தது. மரத்தில் ஓடுகிற, ஒல்லியான, கறுப்பும் சிவப்புமான, கொட்டினால் உயிர் போகிற மாதிரி வலிக்கிற ஓர் எறும்பு இருக்கு. அதை எசிடான் என்ற பேரினத்தில் வைத்தார். எசிடான் யார்னா, அமெரிக்கக் காடுகளில் படையாகத் திரிகிற ராணுவ எறும்பு. நம்ம மரத்து எறும்புக்கும் அதுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. இன்று அது டெட்ராபோனெரா. அதே கட்டுரையில் ஹார்பெக்னாதஸ் என்று ஒரு புதுப் பேரினத்தையே உருவாக்கினார், அது 170 வருஷத்துக்கு மேல் அப்படியே நிற்கிறது. குதித்து வேட்டையாடுகிற அந்த எறும்பு, 2010-ல் மரபணுத்தொகை முழுசாகப் படிக்கப்பட்ட முதல் இரண்டு எறும்புகளில் ஒன்று. ஆக, மனிதர் பார்வையில் குறை சொல்ல முடியாது. அவர் கையில் இருந்த டப்பாக்கள் போதவில்லை, அவ்வளவுதான்.

ஒரே ஒரு விஷயத்தில்தான் எனக்கு அவர் மேல் வருத்தம். எதை வைத்து எழுதினாரோ அந்த எறும்புகள் எதுவும் எந்த மியூசியத்திலும் இருப்பதாகத் தெரியவில்லை. விவரணை மட்டும்தான் மிச்சம். டேட்டாபேஸ் அழிஞ்சுபோய் டாக்குமென்டேஷன் மட்டும் இருக்கிற ப்ராஜெக்ட்டில் வேலை பார்த்தவங்களுக்கு இந்த வலி புரியும்.

பத்தே வருஷத்தில் ஆட்டம் மாறியது. குஸ்தாவ் மயர் என்ற ஆஸ்திரியர், தொழில் பள்ளி ஆசிரியர், 1861-ல் ஐரோப்பிய எறும்புகள் பற்றி எழுதியபோது ஃபார்மிகா டப்பாவை உடைக்க ஆரம்பித்தார். காம்போனோட்டஸ், பிளாகியோலெபிஸ், பிரெனோலெபிஸ் எல்லாம் அந்த ஒரே புத்தகத்தில் பிறந்த பேரினங்கள். நிறத்தையும் அளவையும் அவர் பெரிதாக நம்பவில்லை. உறுப்புகளைப் பார்த்தார், எண்ணினார்.

எப்படி எண்ணுவதுன்னு பார்ப்போம், ஏன்னா இது ரொம்ப எளிது. எறும்பின் உணர்கொம்பு நம்ம கை மாதிரி மடங்கும். தோளிலிருந்து முழங்கை வரைக்கும் ஒரே நீளக் கணு. அதுதான் ஒன்று. முழங்கையிலிருந்து நுனி வரைக்கும் மணி கோத்த மாதிரி சின்னச் சின்னக் கணுக்கள். எல்லாத்தையும் கூட்டணும். பிள்ளையார் எறும்பில் எண்ணினால் 12 வரும். முசுறில் 12. கட்டெறும்பில் 12. கரந்தமலை எறும்பில் எண்ணினால் 11.

அந்த ஒரு கணுதான் விஷயம். ஜெர்டன் பக்கத்தில் பக்கத்தில் வைத்த இரண்டு கிறுக்கு எறும்புகளும் அங்கேயே பிரிந்துபோகின்றன. ஓட்டம் ஒரே மாதிரி இருக்கலாம், கால் ஒரே மாதிரி நீளலாம். ஆனால் வேலைக்கார எறும்பின் கணுக்களின் எண்ணிக்கை பசி, வெயில், ஊர் பார்த்து மாறுவதில்லை. எறும்பை அடையாளம் காண ஆய்வாளர்கள் வைத்திருக்கிற 'கீ' என்பது சுத்தமான இஃப்-எல்ஸ். இடுப்பில் ஒரு முடிச்சா, இரண்டா? ஒன்று என்றால் அடுத்த வரி: வயிற்று நுனியில் அமிலம் தெளிக்கிற வட்டத் துளை இருக்கா? இருக்குன்னா அடுத்தது: கணு 11-ஆ, 12-ஆ? இப்படிப் போய்க்கொண்டே இருந்தால் கடைசியில் ஒரு பேரினத்தில் நிற்போம். நான் முதல்முறை அப்படி ஒரு கீயைப் படித்தபோது, இதை எழுதினவங்க கம்ப்யூட்டரே இல்லாத காலத்துப் புரோகிராமர்கள்னுதான் தோணுச்சு.

சரி, 11 வந்துவிட்டது. முடிந்ததா? இல்லை. நம்ம ஊரில் கொடுக்கு இல்லாமல் அமிலம் தெளிக்கிற வகையில் 11 கணு உள்ளவை இன்னும் உண்டு. பிளாகியோலெபிஸ் ஒன்று, அது இரண்டு மில்லிமீட்டர் சுமாருக்கு இருக்கிற பொடிசு. லெபிசியோட்டா இன்னொன்று, பளபளன்னு கறுப்பா மதில் சுவரில் வரிசையாகப் போகும். சார்லஸ் பிங்காம், பர்மாவில் ராணுவத்திலும் வனத்துறையிலும் இருந்தவர், பிரிட்டிஷ் இந்திய விலங்குகள் வரிசையில் 1903-ல் எறும்புகள் அடங்கிய ஒரு தொகுதி எழுதினார். அதில் ஜெர்டனின் நீளக்கால் எறும்பு பிளாகியோலெபிஸ் வீட்டில்தான் இருக்கிறது. அளவில் அது அந்தப் பொடிசுக்கு இரண்டு மடங்கு என்றாலும் கணு 11 ஆச்சே, வேறு எங்கே வைப்பது?

அதைத் தனிக்குடித்தனம் வைத்தவர் ஃபெலிக்ஸ் சான்ச்சி. சுவிட்சர்லாந்தில் பிறந்து துனீசியாவின் கைரவான் நகரில் மருத்துவராக இருந்தவர். எறும்பு சூரியனைப் பார்த்து வழி கண்டுபிடிக்கிறதா என்று சோதிக்க, சூரியனை மறைத்துவிட்டு எதிர்ப்பக்கத்திலிருந்து கண்ணாடியால் வெளிச்சம் காட்டினார். எறும்பு திரும்பி எதிர்த்திசையில் நடந்தது. செம எக்ஸ்பெரிமென்ட், அதுக்கே தனி எபிசோட் போடலாம். அவர் 1914-ல் பிளாகியோலெபிஸுக்குள் அனோப்லோலெபிஸ் என்று ஒரு துணைப் பிரிவை உண்டாக்கினார். பின்னால் அது முழுப் பேரினமாக உயர்ந்தது. அனோப்லோலெபிஸ் என்றால் ஆயுதமில்லாத செதில். எறும்பின் மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கிற ஒல்லி இடுப்பில் ஒரு மேடு நிற்கும். லெபிசியோட்டாவில் அந்த மேட்டின் உச்சி பிளந்து இரண்டு முள்ளாக நிற்கும். அனோப்லோலெபிஸில் முள் கிடையாது. பெயரே அடையாளம். இந்தப் பேரினத்தின் மற்ற சொந்தங்கள் பெரும்பாலும் ஆப்பிரிக்காவில்தான் இருக்கின்றன.

இப்ப ஜெர்டன் வைத்த பெயருக்கு வருவோம். விலங்குகளுக்குப் பெயர் வைக்கிற சர்வதேச விதிகளில் இரண்டு நமக்கு முக்கியம். முதலில் வைத்த பெயர்தான் செல்லும். அப்புறம், ஒரே பேரினத்துக்குள் ஒரே பெயரை இரண்டு பேருக்கு வைத்தால், பின்னால் வைத்தது செல்லாது. நம்ம பாஷையில் சொன்னால் நேம்ஸ்பேஸ் மோதல்.

பியர் லாத்ரெய் என்று ஒரு பிரெஞ்சுக்காரர். பாதிரியார், பிரெஞ்சுப் புரட்சியில் சிறைக்குப் போனவர். சிறையறையில் ஓர் அரிய வண்டைக் கண்டுபிடித்ததால் வெளியில் இருந்த பூச்சி ஆர்வலர்களுக்குச் சேதி போய், அதனால் உயிர் தப்பியவர். இவர் 1802-ல் எறும்புகளுக்கு ஒரு புத்தகம் எழுதினார். அதில் ஃபார்மிகா லாங்கிபெஸ் என்ற பெயர் வேறு ஏதோ ஓர் எறும்புக்கு ஏற்கெனவே இருக்கிறது. ஜெர்டனுக்கு 49 வருஷம் முன்னால். அந்த எறும்பும் இன்று ஃபார்மிகாவில் இல்லை, நம்ம எறும்பும் இல்லை. இரண்டும் வெவ்வேறு வீட்டுக்குப் போய்விட்டன, மோதலே இல்லை. ஆனால் விதி எதைப் பார்க்கும்னா, பெயர் வைத்த அன்றைக்கு எந்த டப்பாவில் வைத்தீர்கள் என்பதை. இரண்டு பேரும் ஃபார்மிகா டப்பாவில் வைத்தார்கள். ஜெர்டன் பெயர் அவுட்.

இது புரிவதற்கு ரொம்ப காலம் ஆனது. அனோப்லோலெபிஸ் லாங்கிபெஸ் என்றே உலகம் முழுக்கக் கட்டுரைகள் எழுதினார்கள். 1995-ல் பேரி போல்டன் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் உலக எறும்புகளின் பெயர்களை எல்லாம் ஒரே தொகுப்பாக்கிச் சரிபார்த்த பிறகுதான் அடுத்த மூத்த பெயர் சபைக்கு வந்தது. ஃப்ரெடரிக் ஸ்மித் என்பவர் 1857-ல் சிங்கப்பூர் எறும்பைப் பார்த்து வைத்த கிராசிலிபெஸ். அதற்கு 'ஒல்லிக்கால்' என்று பொருள். நீளக்கால் போய் ஒல்லிக்கால் வந்தது. 1995-க்கு முந்தின ஆய்வுகளைத் தேடணும்னா இன்னைக்கும் பழைய பெயரைப் போட்டுத்தான் தேடணும்.

இன்னொரு எறும்பு, வேகன்ஸ்? அதற்கும் லாத்ரெய் முந்திக்கொண்டிருந்தார். அதே 1802 புத்தகத்தில். அதே எறும்பை லாங்கிகார்னிஸ், நீளக்கொம்பு, என்று எழுதிவிட்டார். அதனால் நம்ம சமையல் மேடை எறும்பின் இன்றைய பெயர் பாராட்ரெகினா லாங்கிகார்னிஸ். ஜெர்டன் கண்ட இரண்டு கிறுக்கு எறும்பின் பெயரும் ஒரே பிரெஞ்சுக்காரரின் ஒரே புத்தகத்திடம் தோற்றன.

இவ்வளவும் லைப்ரரிச் சண்டை மாதிரிதானே இருக்கு? கரந்தமலை செய்தி வந்த வாரம் எனக்கும் கொஞ்சம் அப்படித்தான் இருந்தது. அப்ப எங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு ஃபார்வர்ட் வந்தது. 'கண்ணைக் குருடாக்கும் எறும்பு, எச்சரிக்கை' என்று தலைப்பு. கீழே பெரிசா ஒரு படம். படத்தில் இருந்தது முசுறு. செம்மஞ்சள் நிறம், நீளக் கால், ஆளைப் பார்த்து முறைக்கிற முகம். எங்க சித்தப்பாவுக்குப் பண்ருட்டி பக்கம் முந்திரிக் கொல்லை. 2011 டிசம்பரில் தானே புயல் அத்தனை மரத்தையும் சாய்த்த பிறகு புதுசா நட்டு வளர்த்தது. அவர் போன் பண்ணினார். "தம்பி, படத்துல நம்ம முசுறுதானே இருக்கு? கொல்லை பூரா கூடு கட்டி வெச்சிருக்கு. மாடு வேற அங்கதான் கட்டறோம். மருந்தடிச்சு ஒழிச்சுடட்டுமா?"

அவருக்கு முசுறு மேல் ஏற்கெனவே கோபம் உண்டு. முந்திரி பொறுக்கப் போகிற பெண்களைக் கடித்து வைக்கும், கடித்த இடத்தில் அமிலத்தையும் பீச்சும். ஆனால் முந்திரிக்கு முசுறு காவல்காரன். தளிரையும் பூவையும் உறிஞ்சிக் கருக்குகிற தேயிலைக் கொசு என்ற பூச்சியை அது விரட்டும். ஆஸ்திரேலியாவில் முந்திரித் தோட்டங்களில் இதற்காகவே முசுறை வளர்த்துப் பார்த்திருக்கிறார்கள். சீனாவில் பழத்தோட்டத்தில் விடுவதற்காக முசுறுக் கூடுகளைச் சந்தையில் விற்ற குறிப்பு, கி.பி. 304 வாக்கில் எழுதப்பட்டதாகச் சொல்லப்படும் நூலிலேயே உண்டு. முசுறையும் கரந்தமலை எறும்பையும் ஒரே டப்பாவில் போட்டால், அமிலம் தெளிக்கிற எதிரியை ஒழிக்கிறேன் என்று சம்பளம் வாங்காத ஆளை ஒழிப்போம்.

அவரிடம் பக்கவாட்டில் ஒரு கிளோஸ்-அப் எடுக்கச் சொன்னேன். உணர்கொம்பெல்லாம் எண்ணச் சொல்லவில்லை. போனில் கிளிப் பண்ணுகிற மேக்ரோ லென்ஸ் இருந்தால் பரவாயில்லை, அவரிடம் அது இல்லை. ஆனால் முசுறுக்கு லென்ஸே தேவையில்லை. பெரிய வேலைக்கார முசுறு எட்டு முதல் பத்து மில்லிமீட்டர். பைத்திய எறும்பு நாலு, ஐந்துதான். முசுறின் இடுப்பு நீளமா, தாழ்வா, தட்டையா இருக்கும். பைத்திய எறும்புக்கு அந்த இடத்தில் மேடு தூக்கலா நிற்கும். முசுறைச் சீண்டினால் வயிற்றைத் தூக்கி முதுகுக்கு மேல் மடக்கும். அப்புறம் அந்த இலைக் கூடு. பைத்திய எறும்புக்குத் தைக்கத் தெரியாது, அது மண்ணிலும் சருகிலும் கல் இடுக்கிலும் குடியிருக்கும். படம் வந்தது. இடுப்பு தட்டை. "சித்தப்பா, இது நம்ம ஆளுதான், மருந்தடிக்காதீங்க"ன்னு சொன்னேன். "தெரியும்டா, ஆனா அவன் டிவியில காட்டிட்டானே"ன்னார். பொறுக்கறதுக்கு முந்தின நாள் சாயங்காலம் கிளையைத் தட்டிவிட்டு, கை கால்ல சாம்பல் பூசிக்கிட்டுப் போறாங்களாம். அது அங்கே பழைய பழக்கம்.

முசுறின் அறிவியல் பெயர் ஓகோஃபில்லா ஸ்மராக்டினா. இரண்டாவது பாதி ஃபாப்ரிசியஸ் 1775-ல் வைத்தது. மரகத நிறம் என்று அர்த்தம், ராணி எறும்பு பச்சையா இருக்கும். மரகதமும் ஸ்மராக்டும் ஒரே வேர்ச்சொல் குடும்பம், அது சும்மா ஒரு தகவல். அந்த ஸ்மராக்டினாவும் பிறந்தது ஃபார்மிகா டப்பாவில்தான். ஓகோஃபில்லா என்ற தனி வீடு 1860-ல் கிடைத்தது. கட்டினவர் நம்ம ஒல்லிக்கால் ஸ்மித்.

இந்தப் பிரிக்கிற வேலை இன்னும் முடியவில்லை. சமையல் மேடை எறும்பின் பேரினமான பாராட்ரெகினாவில் ரொம்ப நாளாக நூற்றுக்கணக்கில் சின்னப் பழுப்பு எறும்புகள் கூட இருந்தன. 2010-ல் டிஎன்ஏ பார்த்து அதில் பெரும் கூட்டத்தை நைலாண்டெரியா என்ற பழைய பெயரைத் தூசு தட்டி அங்கே அனுப்பிவிட்டார்கள். லாங்கிகார்னிஸ் மட்டும் தனியாக நின்றது. டிஎன்ஏ சொன்ன பிறகு திரும்ப உடம்பைப் பார்த்தால், அங்கேயும் எண்ணிக்கையில் வித்தியாசம் இருந்திருக்கிறது: பாராட்ரெகினாவின் தாடையில் பல் ஐந்து, நைலாண்டெரியாவுக்கு ஆறு. செம்மண்டலத்தில் எங்க வீட்டு மேடையில் இருக்கிறது எதுன்னு நான் இரண்டு ஞாயிற்றுக்கிழமை லென்ஸை வைத்துக்கொண்டு பார்த்தேன். ஐந்து. மாடிப் படிக்கட்டில் தொட்டிச் செடிக்கு அடியில் இருக்கிறது வேறு ஆள், ஆறு.

உங்க வீட்டில் எண்ணிப் பார்க்கிறதா இருந்தா, எறும்பைக் கொல்ல வேண்டாம். ஒரு சின்ன டப்பாவில் போட்டு ஐந்து நிமிஷம் ஃப்ரிட்ஜில் வெச்சா அடங்கிடும். பக்கவாட்டில் ஒண்ணு, முகத்துக்கு நேரா ஒண்ணு, இரண்டு போட்டோ எடுங்க. மேலே இருந்து எடுத்த படம் மட்டும் இருந்தா இடுப்பு தெரியாது. எண்ணும்போது முழங்கைக்கு மேல இருக்கிற நீளக் கணுவையும் சேர்த்து எண்ணணும்.